அங்கீகாரம் கிடைத்தால் பணம் கிடைத்ததாகாது

இணையத்தளம் வழியாக ஓர் ஓடர் வருகிறது. கடனட்டைக்கு வங்கியின் அங்கீகாரமும் கிடைக்கிறது. பணம் வந்துவிட்டதாக நம்பி வியாபாரி பொருளை அனுப்பிவிடுகிறார். நஷ்டம் ஆரம்பிப்பது இங்கேதான்.

அட்டை செல்லுபடியானது, அதில் போதிய தொகை உண்டு என்பதை மாத்திரமே அங்கீகாரம் காட்டும். அதைப் பயன்படுத்துபவர் உரிமையாளர்தானா என்பதைக் காட்டாது. அட்டை விபரம் திருடப்பட்டிருந்தால், உரிமையாளர் தனது வங்கியிடம் முறையிடுவார். வீசா, மாஸ்டர்கார்ட் விதிகளின்படி இதற்குப் பொதுவாக 120 நாட்கள் வரை அவகாசமுண்டு. முறைப்பாடு ஏற்கப்பட்டால் விற்பனைத் தொகை வியாபாரியின் கணக்கிலிருந்து மீளப் பெறப்படும். பொருளும் போய், பணமும் போய், வங்கிக் கட்டணமும் தலையில் விழும்.

எனவே, விலை பேசாமல் பெருந்தொகைக்கு ஓடர் செய்பவர், அவசரமாக அனுப்பக் கோருபவர், பல அட்டைகளை மாறி மாறி முயல்பவர் ஆகியோரிடம் அவதானம் தேவை. அட்டை ஒரு நாட்டினது, விநியோக முகவரி வேறு நாட்டினது என்றால் விசாரித்துவிட்டே அனுப்புங்கள்.

கொள்வனவின்போது ஒருதடவைக் கடவுச்சொல் கேட்கும் த்ரீ-டி செக்கியூர் வசதியை உங்கள் வங்கியிடம் கேட்டுப் பெறுங்கள். அம்முறையில் உறுதிப்படுத்தப்பட்ட விற்பனையில், திருட்டு அட்டையால் ஏற்படும் நஷ்டம் பொதுவாக அட்டை வழங்கிய வங்கியையே சாரும்.

சந்தேகமான ஓர் ஓடரை இழப்பது, பொருளையும் பணத்தையும் இழப்பதைவிட மேல்.