உங்களுக்குத் தெரியுமா? பதில் பேசும் காங்கா
கென்யா, தான்சானியா கடலோரப் பெண்கள் உடுத்தும் 'காங்கா' துணியில், கீழ்க்கரைக்குச் சற்று மேலே சுவாஹிலி மொழியில் ஒரு வரி அச்சாகியிருக்கும். பழமொழி, விடுகதை, வாழ்த்து, சில சமயம் சுருக்கென்று தைக்கும் குத்தல். சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இந்தப் பருத்தித் துணி ஜோடியாகத்தான் விற்பனைக்கு வரும். ஒன்று இடுப்புக்கு, மற்றது தலைக்கோ தோளுக்கோ. வண்ணம் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் வாசகம் பிடிக்காவிட்டால் பலர் வாங்குவதில்லை. புறம்பேசும் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டுமா? பொருத்தமான காங்காவைக் கட்டிக்கொண்டு அவள் வாசல் வழியாக ஒரு நடை போய்வந்தால் போதும். வாய்ச்சண்டை மிச்சம்! ஆரம்பத்தில் அரபு எழுத்தில் இருந்த வாசகங்கள் பின்னர் ரோமன் எழுத்துக்கு மாறின. இன்று ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போகும் காங்காக்களில் பல, இந்தியாவில் அச்சாகின்றன.