தகைவு: இரும்புக்கும் மனிதருக்கும்

"ஒரே ஸ்ட்ரெஸ்" என்று பள்ளி மாணவர்கூடச் சொல்லக் கேட்கிறோம். வேலைமேல் வேலை வந்து நெருக்க, மனமும் உடலும் தவிக்கும் நிலைக்கு ஆங்கிலம் தந்த சொல் இது. பௌதிகப் பாடத்தில் 'தகைவு' என்று நாம் படிப்பதும் இதே சொல்தான். பாரம் ஏற்றிய கம்பியில் ஓரலகுப் பரப்பில் எழும் விசை தகைவு. அதனால் கம்பி உருமாறுவது திரிபு.

இச்சொல்லை உடலியலில் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மான்ட்ரீல் நகரில் எலிகளை ஆராய்ந்த இவர், 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சு என எதனால் துன்புற்றாலும் எலியின் அட்ரினல் சுரப்பி வீங்கியது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் கண்டது. (கறாராகப் பார்த்தால் இவை திரிபுகள். ஆயினும் தகைவு என்ற சொல்லே நிலைத்துவிட்டது.)

நெருக்கடி வந்ததும், சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலக இது உதவும். பிறகு எல்லாம் தணிய வேண்டும். தணிய இடைவெளி கிடைக்காதபோதுதான் தொல்லை. தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, நோயெதிர்ப்பு தளர்கிறது. கம்பியும் அப்படித்தானே? ஒருமுறை வளைத்தால் ஒடியாதது, ஓயாமல் வளைத்தால் ஒடிகிறது.

ஓயாத வேலை பட்டணத்து அலுவலகங்களுக்கே உரியது என்று எண்ணுவோர் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பார்க்க வேண்டும். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் அமைதியான மலைநாடு. ஆனால் அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குத் தண்ணீர், விறகு, வயல், பிள்ளைகள், அடுப்பு என்ற வேலைகளுக்கிடையே சாமையும் குத்த வேண்டியிருந்தது. கேழ்வரகைத் திரித்தால் மாவாகிவிடும். சாமையின் உமியோ அரிசியை இறுகப் பற்றியிருக்கும். உரலிலிட்டுக் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். குத்திய அரிசி தீர்ந்ததும் மீண்டும் உரல்! நெல் ஆலையில் கொடுக்கலாமென்றால், மணி மிகச் சிறியதாதலால் அந்த இயந்திரம் இதற்கு ஒத்துவராது.

மலையில் சாமை வயல்கள் மரவள்ளிக்கு இடம்விட்டதற்கு ஜவ்வரிசி ஆலைகள் தந்த பணம் ஒரு காரணம். இந்த உலக்கை மற்றொரு காரணம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கிராமங்கள் சிலவற்றில் சிறுதானிய அரைவை இயந்திரங்களை நிறுவி, அவற்றைச் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். பழுதானால் சரிசெய்ய ஆள் வேண்டும். இவை கிடைக்காத நாளில் பழைய உலக்கைதான்.