படாத சவுக்கு

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் முடிந்தது. அதே ஆண்டு லண்டனில் லெனார்டு வுல்ஃப் தன் இலங்கை நாட்களைப் பற்றி ‘குரோயிங்’ என்ற நூலை வெளியிட்டார். வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்றுதான் அவரை நம்மில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் இலங்கையில் வெள்ளைக்கார அதிகாரி. 1906இல் மன்னார் வளைகுடாவின் அக்கரையில், மரிச்சுக்கட்டிச் சலாபத்தில், சிப்பி வந்து இறங்கும் கொட்டிலில் வேலை பார்த்தார். வயது 25.

அக்கரைச் சலாபம் என்றாலும் நம் கரைக்கும் அதில் பங்கு உண்டு. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்து முத்துக்குளிகாரர்கள் அங்கே போவது வழக்கம். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்து குவிவார்கள். படகு கரை தொட்டதும் தள்ளுமுள்ளுதான். வுல்ஃப் கைத்தடியால் அரபிகளை அடித்து ஒழுங்குபடுத்தினார். சொல்வது அவரேதான். அரபிகள் தன்னைச் சக மனிதனாக நடத்தினார்கள், அந்தச் சமத்துவத்தால்தான் கை நீண்டது, தமிழரையோ சிங்களரையோ தான் அடித்ததே இல்லை என்று விளக்கமும் தருகிறார். சமமானவன் என்பதால் அடித்தாராம்! அடி வாங்கிய அரபி ஒருவர் திருப்பி ஒன்று வைத்திருந்தால் சமத்துவம் எத்தனை நிமிஷம் தாங்கியிருக்கும்?

யாழ்ப்பாணக் கதை வேறு. அங்கே அவர் பணியாற்றிய காலத்தில் (1905–1907), ஹாரி சந்தரசேகரா என்ற வழக்கறிஞரின் முகத்தில் வேண்டுமென்றே குதிரைச் சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் ஆளுநருக்குப் புகார் அனுப்பியது. வுல்ஃப் மறுத்தார். அந்த மறுப்பை நான் நம்புகிறேன். ஆனால் மறுத்ததோடு அவர் நிற்கவில்லை. சவுக்கு படாவிட்டாலும், அவர்களுடைய ஊர்ப் பெரிய தெருவில் தான் திமிராகக் குதிரை மேல் உட்கார்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று எழுதினார். பிறரை ஆளத்தான் வேண்டுமா என்ற சந்தேகம் அங்கேதான் முளைத்தது என்கிறார்.

எண்ணாமல் செய்ததற்கு ஒருவர் பொறுப்பாவாரா? பிரக்ஞைக்கு எட்டாத மனச்சாய்வு ஒருவருடைய கொள்கைகளோடு உரசிப் பார்க்கப்படாமலே செயலாகிவிடுகிறது. அதற்காக அவரைப் பழிப்பது நியாயமில்லை என்று தத்துவவாதி நீல் லெவி 2014இல் வாதிட்டார். ஏஞ்சலா ஸ்மித் 2005இலேயே எதிர்ப்பக்கம் நின்றவர். நண்பரின் பிறந்தநாளை யாரும் திட்டமிட்டு மறப்பதில்லை. ஆனாலும் அந்த நண்பர் மனம் நோவதில் நியாயம் உண்டு. எதை நாம் பொருட்டாக நினைக்கிறோம் என்பதை மறதி காட்டிவிடுகிறது. என் ஓட்டு ஸ்மித்துக்கு. யாழ்ப்பாணத்துத் தெருவைப் பற்றி எழுதிய வுல்ஃபும் அவர் பக்கம்தான்.

மரிச்சுக்கட்டியில் மட்டும் அவர் கட்சி மாறிவிடுகிறார். படாத சவுக்கு அந்த நூலை எழுதும்போதும் அவரை உறுத்தியது. பட்ட கைத்தடிக்கு ஒரு சமாதானம் போதுமானதாக இருந்தது. வழக்கறிஞருக்குப் பின்னால் சங்கம் இருந்தது, மனு எழுதத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அரபி முத்துக்குளிகாரர் பருவம் முடிந்ததும் கப்பலேறிவிட்டார். ஒளிந்திருக்கும் சாய்வைப் பிடிக்க 1998இல் உளவியலாளர்கள் கணினித் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விசையை அழுத்தும் வேகத்தை வைத்து மனதை அளப்பது. வுல்ஃபுக்கு அந்த வேலையை ஒரு மனு செய்தது, அதுவும் பாதிதான்.

1889 சலாபத்துக்குத் தூத்துக்குடி வந்து சிப்பிகளை ஆராய்ந்து, பிறகு மனிதர்களின் மூக்கை அளக்கப் போன எட்கர் தர்ஸ்டன் அடுத்த வாரம்.