கியாம்பாவும் மணிப்பூர் ஆண்டுக்கணக்கும்

மணிப்பூரை ஆண்ட மெய்தெய் மன்னருள் கியாம்பா (1467–1508) வென்ற நாட்டால் பெயர் பெற்றவன். அவன் இயற்பெயர் தாங்வாய் நிங்தௌபா என்பது. 1470-இல் போங் எனப்பட்ட சான் நாட்டு வேந்தனோடு கூடிக் கபாவ் பள்ளத்தாக்கின் கியாங் என்னும் சிற்றரசை வென்றமையின் இப்பெயர் எய்தினான். அப்பள்ளத்தாக்கு இன்று மியான்மரைச் சார்ந்தது. இவ்வெற்றியையே பலரும் பெரிதாகப் பேசுவர். வரலாற்று மாணவர்க்கோ அதனினும் பெரியது 1485ஆம் ஆண்டு.

அவ்வாண்டில் 'சைத்தாபா' என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. 'சை' என்பது கோல். 'தாபா' என்பது வைத்தல். கோல் வைத்து ஆண்டெண்ணிய பழக்கத்தை இச்சொல் காட்டும். ஆண்டுதோறும் ஒருவன் தேர்ந்தெடுக்கப்பெறுவான். அவ்வாண்டு அவன் பெயராலேயே வழங்கும். மன்னனுக்கும் மக்களுக்கும் அவ்வாண்டில் நேரும் தீங்குகளைத் தானே ஏற்பவனாகவும் அவன் கருதப்பட்டான். பழைய அசீரியாவிலும் உரோமிலும் ஆண்டிற்கு அதிகாரிகளின் பெயரிட்டமை ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. எனினும் தீங்கு தாங்கும் இக்கடமை மெய்தெய் முறையின் தனிச்சிறப்பு என்க.

அரசவையின் வரலாற்றேடாகிய 'சைத்தாரோல் கும்பாபா' இக்கணக்கைத் தழுவியே நடக்கின்றது. அவ்வேடு கி.பி. 33-இல் பாகங்பாவிலிருந்து தொடங்கி, அவனுக்கு மட்டும் 120 ஆண்டு ஆட்சி கூறுகின்றது. ஒருவன் அத்துணைக் காலம் ஆண்டான் எனல் பொருந்தாது. 1485-க்கு முற்பட்ட பகுதி பிற்காலத்தார் மரபுச் செய்திகளைக் கொண்டு தொகுத்தது. ஆதலின் அப்பகுதியின் ஆண்டுகளைப் பின்னவற்றோடு ஒருநிகராக எடுத்தாளுதல் பிழையாம். முற்பகுதி முழுதும் கட்டுக்கதை எனத் தள்ளுதலும் முறையன்று. பெயர்களும் குடிமரபும் வேறு, ஆண்டெண் வேறு.

போங் வேந்தன் அளித்த திருமால் உருவைக் கியாம்பா லாமாங்டோங்கில் எழுந்தருளுவித்தான் என்பது மரபு. அவ்வூரே பின்னர் விஷ்ணுபூர் எனப்பட்டது. செங்கற்களால் ஆன சிறிய திருக்கோயில் இன்றும் ஆங்குள்ளது. இதுகொண்டு மணிப்பூர் முழுதும் அன்றே வைணவம் தழுவிற்று என்பார் உளர். அது மிகைபடக் கூறல். வைணவம் அரசின் சமயமாய் நிலைபெற்றது, இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பின், கரீப்நிவாஸ் (1709–1748) காலத்திலேயாம். கியாம்பா காலத்தில் அஃது அரண்மனையையும் குடியேறிய அந்தணர் சிலரையும் ஒட்டிய வழிபாடாகவே இருந்தது. பழைய மெய்தெய்த் தெய்வங்கள் தத்தம் இடத்திலேயே வழிபடப்பெற்றன.