காப்புக் கட்டிய வாரத்தில் கைநீட்டியவன்

(படித்ததும் கொடுத்ததும் – 14)

அரிமளம் கடைவீதியில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் எனக்குப் புத்தகக் கூட்டாளி. இந்த வாரம் கறுப்பின எழுத்தாளர்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுக்காமலே சொன்னார்: “எல்லாம் அடிமை, சவுக்கடி, ஒப்பாரிதானே தம்பி? அதுக்கு நம்ம ஊர்லயே பஞ்சமில்லையே.”

பாதி நியாயம்தான். கறுப்பர் எழுத்து என்றாலே அலெக்ஸ் ஹேலியின் ‘ஏழு தலைமுறைகள்’ பக்கம் கைகாட்டிப் பழகிவிட்டோம். 1976இல் வந்த அந்தப் புத்தகத்தை எடுத்தால் கீழே வைக்க முடியாது, உண்மை. ஆனால் வரலாறாக அல்ல, நாவலாகவே படியுங்கள். அதிலுள்ள வம்சாவளியை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. இன்னொருவருடைய நாவலிலிருந்து எடுத்தாண்டதாக வந்த வழக்கை 1978இல் ஹேலி பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்.

அண்ணனிடம் நான் கொடுத்தது ‘சிதைவுகள்’. நைஜீரியாவின் சினுவா அச்செபே 1958இல் ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் தந்தவர் ஈழத்தின் என்.கே. மகாலிங்கம். கதாநாயகன் ஒகோன்க்வோ மல்யுத்த வீரன், பெரிய வள்ளிக்கிழங்கு விவசாயி, முன்கோபி. விதைப்புக்கு முன்னால் ஒரு வாரம் அந்த ஊரில் கடுஞ்சொல்கூடக் கூடாது; மண்ணின் தெய்வத்துக்கான மரியாதை. அந்த வாரத்தில், தலை பின்னிக்கொள்ளப் போன இளைய மனைவி நேரத்துக்கு வந்து சமைக்கவில்லை என்று அடித்துவிடுகிறான். பூசாரி வீடு தேடி வருகிறார். வந்தவருக்குக் கோலாக் கொட்டை கொடுப்பது அங்கே முறை. அவர் அதைத் தொட மறுக்கிறார். ஒரு பெட்டையாடு, ஒரு கோழி, ஒரு துணி, நூறு சோழி. நாளைக்கே கோயிலுக்குக் கொண்டுவா என்கிறார்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு அண்ணன் போன் போட்டார். “காப்புக் கட்டின ஊர்ல கைநீட்டலாமா தம்பி? வந்தவரு வெத்தலபாக்கத் தொடலைன்னா அப்பவே தெரிய வேணாமா, தெண்டம் உண்டுன்னு!”

வெளிநாட்டு வாசகனுக்கு அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியதை இவர் பஞ்சாயத்துக் கணக்கில் தீர்த்துவிட்டார். வெள்ளைக்காரன் இந்த நாவலில் பாதிக்கு மேல்தான் வருகிறான். அதுவரை அந்த மக்களுக்குச் சொந்தமாக நிலமும் சாமியும் வீம்பும் இருக்கின்றன. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியும் கொடுமையும் இருக்கிறது. அச்செபே எதையும் மூடி மறைக்கவில்லை. அவரிடமிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து கென்யாவின் கூகி வா தியாங்கோ. சொந்த மொழியான கிக்கூயுவில் குடியானவர்களையும் தொழிலாளிகளையும் நடிக்க வைத்து 1977இல் ஒரு நாடகம் போட்டார். விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்த ஊர்க்காரனுக்கு இதில் குற்றம் எங்கே என்று புரியாது. அரசாங்கத்துக்குப் புரிந்தது, விசாரணையே இல்லாமல் ஓராண்டு சிறை. அங்கே கழிப்பறைக் காகிதத்தில் எழுதியதுதான் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. அந்தக் காகிதம் சொரசொரப்பாக இருந்ததால் பேனாவுக்குத் தோதாக இருந்ததாம். தமிழில் அமரந்தாவும் சிங்கராயரும் தந்திருக்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் தங்கள் திருட்டைப் பெருமையடித்துப் போட்டி போடும் இடங்களில் சத்தமாகவே சிரிக்கலாம்.

கவிதைப் பக்கம் போகிறவர்கள் இந்திரனின் ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’ தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். 1982இல் வந்தது, தலித் வாழ்வைச் சொன்ன பாமாவின் ‘கருக்கு’ வருவதற்குப் பத்தாண்டு முன்பே.

துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு வால்டர் மோஸ்லி இருக்கிறார். அறிவியல் புனைவுக்கு ஆக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’: 1976இல் கலிபோர்னியாவில் வாழும் ஒரு கறுப்பினப் பெண், திடீர் திடீரென்று அடிமைக் காலத்துப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் ஓடிக் காப்பாற்ற வேண்டியது பண்ணைக்காரன் மகனை. அவன் அவளுக்கே மூதாதை! வீட்டில் ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளை இருந்தால் படித்துக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

அண்ணன் ‘சிதைவுகள்’ முடித்துவிட்டு என்னைக் கேட்காமலே டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் யாருக்கோ கொடுத்திருக்கிறார். முதல் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். வைத்திருப்பவர் படித்து முடித்ததும் தையற்கடையில் சேர்த்துவிடவும்.