புத்தகச் சந்தைக்கு வந்த பாட்டு

புடவைக் கடைகளும் நடைபாதை வியாபாரிகளும் நிறைந்த கரியாஹாட் நாற்சந்தியிலிருந்து மேற்கே செல்லும் ராஷ்பிஹாரி அவென்யூவில்தான், 1954 அக்டோபரில், நவீன வங்கத்தின் மகாகவிகளில் ஒருவரான ஜீவனானந்த தாஸ் டிராம் மோதி விழுந்து, சில தினங்களில் ஆஸ்பத்திரியில் காலமானார். அவருடைய கவிதையொன்றில் மேயும் மஹீனின் குதிரைகளைத் தங்கள் பெயராக வரித்துக்கொண்டு, 1970களின் நடுவில், அதே தென் கல்கத்தாவில், கௌதம் சட்டோபாத்யாயும் அவருடைய சகாக்களும் தொடங்கிய ‘மொஹீனேர் கோராகுலி’ என்ற குழுவின் சரித்திரத்தை, சுயமாக இசையமைத்துத் தாமே ஜனங்களிடம் கொண்டுசேர்க்க விரும்பும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் கோலோச்சிய அந்நாளில், பாவுல் நாடோடிகளின் மெட்டோடு மேல்நாட்டுக் கிதாரையும் இணைத்து, நகரத்து வாலிபர்களின் ஏக்கத்தையே பாட்டாக்கிய இவர்கள் 1977 முதல் 1979 வரை வருஷத்துக்கு ஒன்றாக மூன்று சிறு இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். ரசித்தவர் சிலரே. 1981 வாக்கில் குழு கலைந்தது.

பாட்டில் குறையில்லை, அதற்குரிய ரசிகர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பதுதான் அப்போது புலப்படவில்லை என்று நான் கருதுகிறேன். 1995இல், பத்திரிகாசிரியர் பிறர் எழுத்தைத் தேர்ந்து தொகுப்பதைப்போல, இளம் பாடகர்களின் பாடல்களையும் தம்முடையவற்றையும் சேர்த்து ‘ஆபார் பொச்சொர் குடி பரே’ என்ற தொகுப்பைத் தயாரித்த கௌதம், அதைக் கல்கத்தாப் புத்தகச் சந்தையில் வெளியிட்டார். சொல்லழகுக்காகவே கூடும் அந்த ஜனத்திரளைவிடச் சிறந்த சபை இப்பாடல்களுக்கு வாய்த்திராது. கேஸட் என்னும் சாதனமும் பேருதவி புரிந்தது. பிரதி எடுக்கும் செலவு சொற்பம், வாங்குவோருக்கும் மலிவு. மேலும் சில தொகுப்புகள் வந்தன. 1999இல் கௌதம் மறைந்தார். முதல் தொகுப்பிலிருந்த ‘ப்ரிதிபீட்டா நாகி’ என்ற பாட்டின் மெட்டு, 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்ற ஹிந்திப் படத்தின் வழியே தேசமெங்கும் பரவியது. அது பிறந்த வீட்டை அறியாமலே பாடியவர்கள் அநேகர்.

இன்றோ, வருஷச் சந்தாவோ வருமானத்தில் ஒரு பங்கோ பெற்றுக்கொண்டு, யாருடைய பாட்டையும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் முதலிய தளங்களில் ஏற்றிவிடும் விநியோக நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்தெண் அடையாளம் உண்டு. வரும் பணம் உரியவரைச் சேர்வதற்கு அது துணை செய்கிறது. ஆனால் ஒருமுறை கேட்கப்படுவதற்குக் கிடைக்கும் தொகை அற்பமானதால், மேடைக் கச்சேரியே இன்னமும் பலருக்கு ஜீவனம்.

பாட்டுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் உரிமைகள் வெவ்வேறு என்பதைப் பலர் அறிவதில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மாற்றிக் கொடுத்த பின்னும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டென்று விதித்திருக்கிறது. அங்கத்தினர்களுக்காக அதை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். ஆகையால் சிநேகிதர்களாய்ச் சேர்ந்து பாடுவோர், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, ஒலிப்பதிவுக்குச் செலவிட்டவர் யார் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே தங்கள் முதல் பாட்டை வெளியிட வேண்டும்.