பூச்சு இல்லை... பெயின்ட் இல்லை... ஆனாலும் அழகு வீடு!

அறுவடைப் பணத்தோடு நகைக்கடனும் சேர்ந்தால்தான் இன்று கிராமத்தில் ஒரு வீடு எழும்புகிறது. செங்கல், சிமென்ட், கம்பி போக மிச்சமிருப்பதை முகப்பு அலங்காரமும் பெயின்டும் விழுங்கிவிடுகின்றன. அப்படியும் சித்திரை மதியத்தில் உள்ளே படுக்க முடிவதில்லை. அழகும் வேண்டும், செலவும் அடங்க வேண்டும் என்பவர்களுக்கு வழிகாட்டுகின்றன, திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகள்.

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவிலேயே தங்கிவிட்ட கட்டடக் கலைஞர் இவர். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-ல் மறைந்தார். நாலாஞ்சிறாவில், பாறைச் சரிவை வெட்டிச் சமன் செய்யாமல், அதன் போக்கிலேயே தன் வீட்டைக் கட்டினார். பழைய கதவு, ஜன்னல்களையே பயன்படுத்தினார். சுவரில் பதித்த கண்ணாடி பாட்டில்கள் வழியாக வண்ண வெளிச்சம் உள்ளே விழும்.

நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம்

இவர் பரவலாக்கியது 'எலிப்பொறிக் கட்டு'. செங்கல்லைப் படுக்க வைக்காமல், குத்தாக நிறுத்திக் கட்டுவார்கள். சுவர் வழக்கமான 9 அங்குல கனம்தான்; ஆனால், நடுவில் வெற்றிடம் இருக்கும். அதனால் செங்கல் ஏறக்குறைய 25 சதவிகிதம் குறையும், கலவையும் குறையும். உள்ளே அடைபட்ட காற்று, வெளி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது.

கூரைக்கும் ஒரு வழி உண்டு. கான்கிரீட் தளத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கீழ்ப்பகுதி கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பிடித்திருக்கும் வேலையைத்தான் செய்கிறது. அந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து கான்கிரீட் போடுவார்கள். சிமென்ட் மிச்சமாகும், தளத்தின் எடை குறையும். அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் வரிசையே அலங்காரம்!

ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும். மரச் செலவு கிடையாது.

கவனிக்க வேண்டியவை

இந்த முறைக்கு ஒரே அளவான, நன்கு வெந்த செங்கல் தேவை. பழக்கமில்லாத கொத்தனார் என்றால், முதலில் ஒரு சிறு சுவர் கட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பூசாத சுவர் மழையில் நனையாதபடி கூரையை வெளியே நீட்ட வேண்டும். மின்குழாய் செல்லும் பாதையை முன்பே முடிவு செய்துவிட்டால், பிறகு சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஓடு பதிக்கும் தளத்துக்குக் கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி வைக்கும் இடத்தையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பேக்கரின் வேலையை நேரில் பார்க்க விரும்புபவர்கள், திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குப் போகலாம். சுருள் வடிவத்தில் மேலேறும் அந்தச் செங்கல் கட்டடமும் அவர் கட்டியதுதான். அஸ்திவாரம் தோண்டும் முன்பு கொத்தனாரையும் அழைத்துப் போய்க் காட்டினால், பஸ் செலவு வீண்போகாது.